தடிக்காரம்மா தட்டிவிட்ட வாக்கியம்

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது என்று யாந்தினா கேட்பாள். அவள் கடைசிப் பக்கத்தில் தொடங்குவாள். பெரும்பாலும் அங்கேயே முடித்தும்விடுவாள்.

அவள் வீட்டுக் கூடத்தில் தரையிலிருந்து கூரை வரை புத்தகங்கள். மன அழுத்தமும் இதயமும், முதுகுவலியில் பயத்தின் பங்கு, சர்க்கரை நோயாளிகள் ஏன் மாத்திரையை மறக்கிறார்கள், புகையை விட்டவர்கள் ஏன் திரும்பத் தொடுகிறார்கள், பல் டாக்டரைக் கண்டால் ஏன் நடுக்கம் என்று எல்லாமே உடம்புக்கும் மனசுக்கும் நடுவில் நடக்கும் பஞ்சாயத்துகள். எங்கள் நோர்டர்வேன் ஊரில் முனைவர் பட்டத்துக்கு வருகிறவர்கள் ஆராய்ச்சியைப் பளபளவென்று அட்டை போட்டுப் புத்தகமாக அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுப்பார்கள். உளவியல் துறைக்காரர்கள் தரும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி யாந்தினாவுக்கு வந்து சேரும். முதுகுவலிப் புத்தகத்தை அவள் ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்திருந்தாள். மன அழுத்தத்தின் மேல் பூந்தொட்டி இருந்தது.

புதிதாக வந்த தபால்காரர் ஒருநாள் வாசலில் நின்றபடி அந்த அலமாரியைப் பார்த்து அசந்துபோனார்.

"டாக்டர் மேடம், எனக்கு ராத்திரில தூக்கமே வரதில்ல. என்ன செய்யலாம்?"

யாந்தினா தூக்கமின்மை பற்றிய தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் அவர் திருப்பிக் கொண்டுவந்தார்.

"அருமையான மருந்து மேடம். மூணாம் பக்கம் தாண்டவே இல்ல."

அவள் டாக்டர் இல்லை. பல்கலைக்கழகத்தில் அவள் பீடல். பட்ட விழா நாட்களில் கறுப்பு அங்கியும் வெல்வெட் தொப்பியும் அணிந்து, வெள்ளிப் பூணும் சலங்கையும் வைத்த நீளத் தடியைப் பிடித்துக்கொண்டு, பேராசிரியர்களுக்கு முன்னால் நடக்கிற வேலை. ஆராய்ச்சியாளரைப் பேராசிரியர்கள் முக்கால் மணி நேரம் கேள்வியால் துளைப்பார்கள். அவள் வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நேரம் முடிந்ததும் கதவைத் திறந்து, நடு மண்டபத்துக்கு வந்து, தடியைத் தரையில் ஓங்கித் தட்டி, "ஹோரா எஸ்ட்" என்பாள். லத்தீனில், நேரமாயிற்று என்று பொருள். அந்தக் கணத்தில் ஆராய்ச்சியாளர் எந்தச் சொல்லில் இருக்கிறாரோ அந்தச் சொல்லோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு எழுத்துக்கும் அனுமதி இல்லை. மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் தடிக்காரம்மா. பதில் தெரியாமல் விழிக்கிறவர்களுக்கு அவள் தெய்வம்.

கடைசிப் பக்க ரகசியத்துக்கு வருவோம். எங்கள் ஊரில் இந்தப் புத்தகங்களை வாங்குகிற எல்லோரும் முதலில் திருப்புவது கடைசியில் இருக்கும் நன்றியுரையைத்தான். யாந்தினா அதில் கரைகண்டவள். வழிகாட்டிப் பேராசிரியருக்கு நாலே சொல்லில் நன்றி என்றால் உள்ளே சண்டை. 'என் அருமைத் தோழி' என்று ஒரு பெயர் வந்தால் அடுத்த கோடையில் கல்யாணம். பூனைக்கு ஒரு பத்தி, கணவனுக்கு ஒரு வரி என்றால் அந்தக் கணவனை நினைத்து யாந்தினா பெருமூச்சு விடுவாள். ஒருவர் காப்பி இயந்திரத்துக்கு நன்றி சொல்லியிருந்தார், அதற்கும் அழுதாள். புத்தகத்தைக் கொண்டுவந்தவர் எதிரில் நிற்கும்போதே, மேசையருகில் நின்றபடி நன்றியுரையைப் படித்து, அங்கிப் பையிலிருந்து கைக்குட்டையை எடுப்பாள். முன்பக்கங்களில் இருக்கும் அட்டவணைகளும் எண்களும் அவளுக்குச் சுவரில் ஓடும் எறும்பு வரிசை.

ஓக்கோ அவள் அறைக்கு முதன்முதலில் வந்தது இலையுதிர் காலத்தில், ஒரு மழைநாளில்.

கடலோரக் கிராமம் ஒன்றில் உடற்பயிற்சி சிகிச்சை செய்கிறவர் அவர். ஐம்பதை நெருங்கியவர். நோயாளிகளின் தோள்பட்டையை அமுக்கிவிட்டுக்கொண்டே, கிடைத்த நேரத்தில் உடல்நல உளவியலில் ஆராய்ச்சி செய்து, ஒன்பது வருடத்தில் புத்தகத்தை முடித்திருந்தார். மனைவி விட்டுப்போய் வெகுகாலம். ஏன் போனாள் என்று யாராவது கேட்டால், "நான் எதையாவது சொல்லியிருக்கணும்" என்பார். அதற்கு மேல் எதையும் சொல்லமாட்டார்.

"பீடல் மேடம், விழா அன்னிக்கு நான் எந்த வாசல் வழியா உள்ள வரணும்?"

"இடதுபக்க வாசல்."

"சரி." கொஞ்ச நேரம் நின்றார். "மழை பெய்யுது."

"ஆமா."

"மோசமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் 'மோசமில்ல' என்பதற்கு மேல் ஒரு பாராட்டு கிடையாது. குழந்தை பிறந்தாலும் மோசமில்ல, கால் உடைந்தாலும் மோசமில்ல. அதனால் யாந்தினா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து அவர் மறுபடி வந்து, விழாவுக்குத் தன் அண்ணன் போடும் கோட்டு கறுப்பாக இருக்க வேண்டுமா கருநீலமா என்று கேட்டார். அடுத்த முறை, தண்ணீர் டம்ளரை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று. அதற்கடுத்த முறை மறுபடி வாசல்.

"அவருக்கு வாசல் தெரியலயாம்" என்று தங்கையிடம் யாந்தினா சொன்னாள். தங்கை ஃபென்னா அந்தக் கட்டடத்திலேயே காப்பிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவள். நாக்கு நீளம்.

"அந்த மண்டபத்துக்கு இருக்கிறதே ரெண்டு வாசல். ஒண்ணுல நீ தடியோட நிப்ப. இன்னொண்ணு எதுன்னு கண்டுபிடிக்க ஒரு மனுஷனுக்கு முனைவர் பட்டம் வேணுமா?"

"மறதிக்காரர் போலிருக்கு."

"யாந்தினா, நீ எல்லார் நன்றியுரையையும் படிச்சு யாருக்கு யார் மேல ஆசைன்னு சொல்ற. உன் மேசை மேல என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியலயே."

மேசை மேல் நடந்தது இறால். ஓக்கோ ஒரு தடவை, படகிலிருந்து அப்போதுதான் இறங்கிய சின்ன சாம்பல் இறாலைக் காகிதப் பையில் கொண்டுவந்தார். செய்தித்தாளை விரித்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தோலுரித்தார்கள். தலையைப் பிடித்து ஒரு திருகு, ஓர் இழுப்பு. அவர் உரித்ததையெல்லாம் அவள் பக்கம் தள்ளினார். தான் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. பக்கத்து அறைப் பெண் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இது அலுவலகமா, மீன் சந்தையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். யாந்தினாவுக்கு அன்று சிரிப்பு நிற்கவில்லை. வீட்டுக்கு சைக்கிள் மிதித்துப் போகும்போது எதிர்காற்று அடித்தது. அது பின்காற்று போல இருந்தது. விதவையான பிறகு அவளுக்கு அப்படிக் காற்று அடித்ததே இல்லை.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கையில் புத்தகம் வந்தது. ஓக்கோவே கொண்டுவந்தார். அட்டையில் கோட்டு மாட்டும் ஓர் ஆணி, அதில் ஈரமான மேல்கோட்டு. தலைப்பு: 'திங்கட்கிழமை போகலாம்'. கீழே சிறிய எழுத்தில், வடபகுதி கிராமத்து மக்கள் நோயின் அறிகுறிகளை வெளியே சொல்லாமல் தள்ளிப்போடுவது பற்றி என்று இருந்தது.

அவர் எதிரிலேயே அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். வழிகாட்டிக்கு நன்றி. அண்ணன் ஹார்முக்கும் அவன் உருளைக்கிழங்குக்கும் நன்றி. நோயாளிகளுக்கு நன்றி. சைக்கிள் கடைக்காரருக்கு, பக்கத்து வீட்டு நாய்க்கு, காலை ரயிலின் டிக்கெட் பரிசோதகருக்கு நன்றி. பக்கம் முடிந்துவிட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். பின் அட்டை.

அவள் பெயர் இல்லை.

"நல்லா வந்திருக்கு" என்றாள். கைக்குட்டையை எடுக்கவில்லை. ஓக்கோ அவள் முகத்தைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார்.

"இடதுபக்க வாசல்தானே?" என்று கேட்டார்.

"ஆமா. இடதுபக்கம்" என்று அவள் நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்.

நாய்க்கு இருந்த இடம் தனக்கு இல்லையே என்று அன்றைக்கு அவள் பட்ட வேதனையை நான் வர்ணிக்கப் போவதில்லை. ஆனால் ஓர் ஆசை விடவில்லை. நன்றியுரையில் இல்லாவிட்டால் என்ன, வேறெங்காவது ஒரு ஓரத்தில், ஓர் அடிக்குறிப்பில், தன்னைப் பற்றி ஒரு சொல் இருக்காதா? அந்த ஞாயிற்றுக்கிழமை, வாழ்நாளில் முதல்முறையாக, யாந்தினா ஓர் உளவியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தாள்.

பெயர் எங்கும் இல்லை. ஆனால் பாதி வழியில் அவள் பெயரைத் தேடுவதையே மறந்துபோனாள்.

நான்காம் அட்டவணையில் வந்து நின்றாள். வலி கண்டும் வெளியே சொல்லாதவர்கள் சொன்ன காரணங்கள் அதில் வரிசையாக இருந்தன. தானாகச் சரியாகிவிடும். டாக்டரைத் தொந்தரவு செய்வானேன். வீட்டில் பயந்துவிடுவார்கள். கன்று போடுகிற காலம் முடியட்டும். சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஓர் எண்.

அவள் கணவன் ரூலஃப் பால் வண்டி ஓட்டியவன். அந்தக் கடைசிக் குளிர்காலத்தில் மார்பைத் தடவிக்கொண்டே படியேறுவான். என்னவென்று கேட்டால் மோசமில்ல என்பான். வசந்தம் வரட்டும் என்பான். வசந்தம் வந்தது; அவன் இல்லை. இத்தனை வருடமும், தன்னிடம் சொல்லத் தோன்றவில்லையே, தான் அவனுக்கு யாரோதானா என்று ஒரு முள் அவளுக்குள் இருந்தது. அட்டவணையின் மூன்றாம் வரியில் விரலை வைத்தாள். வீட்டில் பயந்துவிடுவார்கள். அடியில் ஓக்கோ எழுதியிருந்தார்: 'தாமதத்துக்கு அன்பின்மை காரணமல்ல. மிக நெருங்கியவரிடம்தான் மிகக் கடைசியில் சொல்லப்படுகிறது.'

புள்ளிவிவர அட்டவணை மேல் தலை வைத்து அழுத முதல் ஆள் உலகத்தில் யாந்தினாவாகத்தான் இருப்பாள். அழுது முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. எழுந்து காப்பி போட்டுக்கொண்டு மேலே படித்தாள்.

ஏழாம் அத்தியாயத்தில் மருந்து இருந்தது. 'சொல்லிவிட வேண்டும்' என்று சும்மா தீர்மானம் செய்தவர்களில் பெரும்பாலோர் சொல்லவே இல்லை. 'மேல்கோட்டை ஆணியில் மாட்டியதும், உட்காருவதற்கு முன், சொல்வேன்' என்று ஒரு செயலோடு முடிச்சுப் போட்டுக்கொண்டவர்கள் சொல்லிவிட்டார்கள்.

யாந்தினா புத்தகத்தை மூடினாள். அந்த ஊமைக் கோட்டானுக்கு என்ன நோய் என்று இப்போது தெரிந்துவிட்டது. தனக்கும் அதேதான். பட்டம் வாங்கிப் போனவர்கள் யாரும் பீடல் அறைக்குத் திரும்பி வந்ததில்லை. வாசல் கேட்க இனி அவருக்குக் காரணமும் இராது. விழா நாளை விட்டால் ஓக்கோ கடலோரம் போய்விடுவார். அவள் தடியைத் துடைத்துக்கொண்டு இங்கே இருப்பாள்.

அவளும் முடிச்சுப் போட்டாள். பட்டச் சுருள் வைத்த குழலை அவர் கையில் கொடுத்ததும், கையை எடுப்பதற்கு முன், 'வீட்டுக்குக் கடுகு சூப் சாப்பிட வாங்க' என்று சொல்வேன்.

விழா ஒரு வியாழக்கிழமை. காலையிலேயே கடுகு சூப்பைக் காய்ச்சி மூடி வைத்துவிட்டு வந்தாள். மண்டபம் நிரம்பியிருந்தது. ஓக்கோவின் கிராமமே வந்திருந்தது. பாதிப் பேர் அவர் புத்தகத்தில் எண்களாக இருந்தவர்கள். ஓக்கோ இடதுபக்க வாசல் வழியாகச் சரியாக வந்தார். எங்கள் வழக்கப்படி இரண்டு துணையாட்கள் பின்னால் நின்றார்கள். ஒருவன் அண்ணன் ஹார்ம். இரவல் கோட்டின் பொத்தான்கள் எந்த நேரமும் தெறிக்கலாம் என்று இருந்தான். யாந்தினா பேராசிரியர்களை நடத்திக்கொண்டு வந்து உட்கார வைத்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஓக் மரக் கதவு. உள்ளே பேசுவது வெளியே முணுமுணுப்பாகத்தான் கேட்கும். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கடுகு சூப், கடுகு சூப் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். உள்ளே ஒரு சிரிப்பலை. நல்லது. இன்னொரு கேள்வி. பதில். நேரம் நெருங்கும்போது மறுபடி ஒரு சிரிப்பு. அப்புறம் நிசப்தம்.

நிசப்தம் நீண்டது.

ஐயோ, பதில் தெரியாமல் மாட்டிக்கொண்டுவிட்டார் என்று தடியைத் தூக்கிப் பிடித்தாள். வழக்கமாகக் கடிகார முள் வந்து சேர்ந்த பிறகும், பேசுகிறவர் வாக்கியத்தை முடிக்கட்டும் என்று ஒரு மூச்சு பொறுப்பாள். இன்று பொறுக்கவில்லை. முள் தொட்டதும் கதவைத் தள்ளினாள். அவரைக் காப்பாற்ற ஓடுகிற ஓட்டத்தில் சலங்கை தாறுமாறாகக் குலுங்கியது.

ஓக்கோ முகமெல்லாம் சிவந்து நின்றிருந்தார். கை மேசையைப் பற்றியிருந்தது. வாய் திறந்திருந்தது.

"...அந்த ஒருத்தர் யாருன்னா..."

தடி தரையில் இடித்தது. "ஹோரா எஸ்ட்."

மண்டபம் முழுவதும் ஒரே குரலில், "அட..." என்று முனகியது. ஓக்கோவின் வாய் அப்படியே நின்றுவிட்டு, மெதுவாக மூடிக்கொண்டது. யாந்தினா அவரைப் பார்த்து, பிழைச்சீங்க என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள். அவர் மூழ்குகிற படகில் இருப்பவர் கரையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

பேராசிரியர்களை ஆலோசனை அறைக்கு அழைத்துப் போகும்போது, பெல்ஜியத்திலிருந்து விருந்தாளியாக வந்திருந்த லூட்கார்ட் அம்மையார் அங்கிக் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். வெள்ளைத் தலை, குறும்புக் கண்.

"அம்மா, உங்க கடிகாரத்துக்கு ஈவிரக்கமே இல்லையா?"

"சரியான நேரம் மேடம்."

"அதுதான் சொல்றேன்."

ஆலோசனை முடிந்து திரும்பி வந்தார்கள். பட்டம் என்று அறிவித்தாயிற்று. யாந்தினா குழலை எடுத்துக்கொண்டு ஓக்கோ முன்னால் போனாள். கொடுத்ததும், கையை எடுப்பதற்கு முன். கொடுத்தாள். கையை எடுக்கவில்லை. வாயைத் திறந்தாள். அப்போதுதான் கவனித்தாள், மண்டபத்தில் ஒரு கண்கூட ஓக்கோவைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் அவள் மேல்தான். தொப்பி கோணலோ என்று கை தலைக்குப் போயிற்று. குழலிலிருந்து கை போய்விட்டது. முடிச்சு அவிழ்ந்தது.

"நன்றி, பீடல் மேடம்" என்றார் ஓக்கோ தரையைப் பார்த்து.

அங்கி மாற்றும் அறையில் அவள் தொப்பியைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கையில் ஃபென்னா காப்பித் தட்டோடு புயல்போல நுழைந்தாள். காப்பி தட்டெல்லாம் சிந்தியிருந்தது.

"உன்ன என்ன செய்யலாம் சொல்லு. அந்தத் தடியாலயே ஒண்ணு போடலாமா?"

"ஏன், என்ன ஆச்சு? தொப்பி கோணலா?"

"தொப்பியா? பின்வரிசைல நின்னு எல்லாத்தையும் கேட்டேன். எல்லாரும் சொந்தக் கருத்துகள தனித்தாள்ல அச்சடிச்சுப் புத்தகத்துல சொருகுவாங்களே, அந்த பெல்ஜியம் அம்மா அத எடுத்து, கடைசில வர வேடிக்கை வரியப் படிச்சாங்க. 'எல்லோருக்கும் ஒரு திங்கட்கிழமை உண்டு, அது வருவதேயில்லை.' படிச்சுட்டு, 'சரி ஐயா, உங்க திங்கட்கிழமை எது? நீங்க எதச் சொல்லாம தள்ளிப்போடுறீங்க?'ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அந்த மனுஷன் சிரிக்கல. தண்ணி குடிச்சார். 'ஒண்ணு இருக்கு. இந்தக் கட்டடத்துலதான் இருக்கு. ஒருத்தர்கிட்ட சொல்லணும். வருஷத்துல பாதி நாள் அவங்க அறை வாசல்லதான் நின்னேன்'ன்னார். ஊசி விழுந்தா கேக்கும். 'அந்த ஒருத்தர் யாருன்னா'ன்னு ஆரம்பிச்சார். அப்பதான் நீ சலங்கையைக் குலுக்கிக்கிட்டு வந்த."

யாந்தினா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பழம் நழுவிப் பாலில் விழுகிற நேரம் பார்த்து, குறுக்கே தடியை நீட்டித் தட்டிவிட்டவள் அவளேதான். அவருக்கு ஒரு வாக்கியம் முக்கால்வாசி வெளியே வரவே இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. மீதிக்கு இன்னும் எத்தனை வருடமோ.

"இப்ப எங்க இருக்கார்?"

"வரவேற்புக் கூடத்துல வரிசையா எல்லாருக்கும் கை குடுத்துக்கிட்டு இருக்கார். ஆறு மணி பஸ்ஸுல ஊரோட கிளம்புறார். நான் போய் சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் வெட்டினத நான்தான் ஒட்டணும்."

முடிச்சு அவிழ்ந்தால் என்ன? இன்னொன்று போடலாம் என்று ஏழாம் அத்தியாயத்திலேயே இருந்தது. கூடத்து வாசலைத் தாண்டியதும், யார் முகத்தையும் பார்ப்பதற்கு முன், தட்டுவேன். யாந்தினா அங்கியை மறுபடி மாட்டினாள், தொப்பியை வைத்தாள், தடியை எடுத்தாள்.

வரவேற்புக் கூடத்தில் ஒரே இரைச்சல். பொரித்த உருண்டைகளைக் கடுகு விழுதில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். ஹார்ம் ஒரு மூட்டை உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேராசிரியர்களுக்கு ஆளுக்கு ஒரு பை கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். யாந்தினா வாசலைத் தாண்டினாள். தடி தரையில் இடித்தது.

பழகிய காதுகள். கூடம் ஒரே நொடியில் அடங்கியது. உட்கார்ந்திருந்த பேராசிரியர்கள் தங்களை அறியாமல் எழுந்து நின்றார்கள். லூட்கார்ட் அம்மையார் கடித்த உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு அமர்வுல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றாள் யாந்தினா. குரல் நடுங்கியது, தடி நடுங்கவில்லை. "என் கடிகாரம் கொஞ்சம் வேகமா ஓடியிருக்கு. நேரம் இன்னும் பாக்கி இருக்கு."

அவள் கடிகாரம் வேகமாக ஓடியதும் இல்லை, மெதுவாக ஓடியதும் இல்லை. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெருமையில்தான் அவள் இத்தனை வருடம் நிமிர்ந்து நடந்தாள். அதை எடுத்து, எல்லோர் முன்னாலும் கீழே போட்டுவிட்டாள். துறைத்தலைவர் தொண்டையைக் கனைத்தார். லூட்கார்ட் அம்மையார் அவர் காலை மிதித்தார்.

"முனைவர் ஓக்கோ, பாதில நின்ன பதில முடிங்க."

ஓக்கோ கையில் இருந்த பூங்கொத்தை யாரிடமோ கொடுத்தார். ஹார்ம் வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கிவிட்டு, ஓடி வந்து தம்பிக்குப் பின்னால் துணையாளாக நின்றான். பொத்தான் ஒன்று தெறித்து எங்கோ உருண்டது. யாரும் சிரிக்கவில்லை.

கேள்வி கேட்கிற பேராசிரியரை எப்படி அழைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஓக்கோ அதை மாற்றவில்லை.

"மிகவும் கற்றறிந்த எதிர்வாதி அவர்களே" என்று யாந்தினாவைப் பார்த்துத் தொடங்கினார். தலைகீழாகப் புத்தகம் படிக்கிற யாந்தினாவுக்குக் காது சிவந்தது. "அந்த ஒருத்தர் நீங்கதான். இடதுபக்க வாசல் எனக்கு முதல் நாளே தெரியும். அந்த மண்டபத்துல நான் எத்தனையோ விழா பாத்திருக்கேன். நன்றியுரைல உங்க பேர் இருந்துச்சு. முதல் வரியே அதுதான். அச்சுக்கு அனுப்புற அன்னிக்கு எடுத்துட்டேன்."

"ஏன்?" என்று கேட்டது யாந்தினா இல்லை, பின்னாலிருந்து ஃபென்னா.

"எல்லாருக்கும் முன்னாடி அதப் படிக்கிறது இவங்கதான். நான் எதிர்ல நிக்கும்போதே படிப்பாங்க. படிச்சுட்டு கைக்குட்டைய எடுக்காம போயிட்டா நான் எங்க போறது? அதனால..." அவர் மூச்சு வாங்கினார். "அதனால திங்கட்கிழமை போன் பண்ணி..."

கூடம் முழுவதும் ஐயோ என்று முனகியது. கிராமத்துக்காரர் ஒருவர், "ஓக்கோ, உன் புத்தகத்த நீயே ஒரு தடவை படிடா" என்றார்.

"போன் பண்ணி என்ன கேக்கறதா இருந்தீங்க?" என்றாள் யாந்தினா.

"ஒரு நாள் உங்களோட உக்காந்து சாப்பிடலாமான்னு."

"இன்னிக்கு என்ன கெழமை?"

"வியாழன்."

"என் வீட்டுல கடுகு சூப் இருக்கு. திங்கட்கிழமை வரைக்கும் தாங்காது."

"காலைலயே செஞ்சு வெச்சுட்டுத்தான் வந்திருக்கா" என்றாள் ஃபென்னா எல்லோருக்கும் கேட்கும்படி.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. யாரோ தட்டைத் தட்டினார்கள், யாரோ அழுதார்கள். லூட்கார்ட் அம்மையார் துறைத்தலைவரைக் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டார். தலைவரின் மூக்குக் கண்ணாடி கடுகு விழுதில் விழுந்தது. யாந்தினாவின் கைக்குட்டை எங்கே என்று தேடி, அது ஓக்கோவின் கையில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

ஆறு மணி பஸ் ஓக்கோ இல்லாமல் போயிற்று. இருவரும் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கால்வாய் ஓரமாக நடந்தார்கள். பின்இருக்கையில் ஹார்ம் கட்டிவிட்ட உருளைக்கிழங்குப் பை. காற்று எதிரேதான் அடித்தது.

வீட்டில் ஓக்கோ மேல்கோட்டை ஆணியில் மாட்டினார். சூப் சூடாவதற்குள் கூடத்துப் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்த முதுகுவலியைப் பார்த்துச் சிரித்தார். மன அழுத்தத்தின் மேல் இருந்த பூந்தொட்டியைப் பார்த்தார். தன் புத்தகத்தை அலமாரியில் தேடினார். காணவில்லை. அது சாப்பாட்டு மேசையில், அவள் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, நடுவில் ஒரு ஸ்பூன் வைத்து.

"பின்பக்கம் மட்டும்தானே படிச்சீங்க?" என்று கேட்டார்.

"முதல் பக்கத்துலேர்ந்து."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஒரு பெண் ஓர் ஆணிடம் இதைவிடப் பெரிதாக எதையும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"எப்படி இருந்துச்சு?"

மோசமில்ல என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. யாந்தினா அதை விழுங்கினாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு ஓக்கோ. நாலாம் அட்டவணைல அழுதேன். ஏன்னு சொல்றேன், உக்காரு."

ஓக்கோ உட்கார்ந்தார். அவள் ரூலஃபிலிருந்து தொடங்கினாள்.